வெறும் கல்லில் வைத்த உத்தரவு

காட்டுக்குள் ஓர் ஓடை. ஓடைக்கரையில் ஒரு கறையான் புற்று. அந்தப் புற்றுக் கறையான்களைப் போல உழைக்கிறவர்கள் காட்டிலேயே கிடையாது. அவை எதிர்க்கேள்வி கேட்பதும் கிடையாது.

பட்டுப்போன மரம் ஏதாவது வழியை அடைத்துக்கொண்டு கிடந்தால், அதன் பட்டையில் ஒரு துண்டை எடுத்துப் புற்று வாசலில் உள்ள கல்லில் வைத்து, தொடங்கச் சொல்ல வேண்டும். கறையான்கள் அதை முகர்ந்து, அதிலுள்ள மணங்களை மனத்தில் வாங்கிக்கொள்ளும். பிறகு பக்கத்து மரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகும். அந்த மணங்கள்தான் உத்தரவு; கேட்ட மணங்களில் ஒன்று குறைந்தாலும் அந்த மரத்தைத் தொடாது. எதுவும் குறையவில்லை என்றால் தின்னத் தொடங்கிவிடும். அந்த வேலை முடிந்தாலோ கல்லில் வேறு பட்டையை வைத்தாலோதான் பழைய உத்தரவை விடும்.

புற்றை ஒட்டிப் பெரிய நீர்மருது மரம் ஒன்று நின்றது. அதன் பொந்தில் ஒரு பெட்டை இருவாட்சிப் பறவை குஞ்சு பொரித்திருந்தது. இருவாட்சிகளின் வழக்கப்படி பொந்தின் வாயை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தது. ஆண் இருவாட்சி ஒரு சின்னக் கீறல் வழியாகப் பழம் ஊட்டும். அடைகாக்கும்போது பெட்டைக்கு உதிர்ந்த சிறகுகள் இன்னும் முளைக்கவில்லை. அதனால் பறக்க முடியாது.

ஒருநாள் யானைகள் தண்ணீர் குடிக்கப் போகும் வழியில் காய்ந்த தான்றி மரம் ஒன்று விழுந்தது. யானைத் தலைவர் தம் அமைச்சரான நரியை அழைத்தார்.

“அந்த மரத்தின் பட்டையைக் கொண்டுபோய்க் கல்லில் வை. இன்றே வேலை தொடங்க வேண்டும்.”

“இதெல்லாம் ஒரு வேலையா, தலைவரே? முடிந்ததென்றே வைத்துக்கொள்ளுங்கள்” என்றது நரி.

பட்டையைக் கவ்விக்கொண்டு புறப்பட்டது. வழியில் கொழுத்த நண்டு ஒன்று கண்ணில் பட்டது. பட்டையை ஓடையோரம் வைத்துவிட்டு நண்டைத் துரத்திப் பிடித்துத் தின்றது. திரும்பி வந்து பார்த்தால், பட்டையைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிருந்தது.

மறுபடி போய் எடுத்துவர நரிக்குச் சோம்பல். அமைச்சர் ஆகிவிட்டால் கால் சீக்கிரம் வலித்துவிடும் போலிருக்கிறது. ‘ஒன்றும் வைக்காமலே தொடங்கச் சொல்லிவிடுவோம். ஒன்றும் வைக்கவில்லை என்றால் ஒன்றையும் தின்னாது. பட்டையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். உத்தரவு கொடுத்தாயிற்று என்று தலைவரிடம் சொன்னால் அது பொய்யும் ஆகாது’ என்று நினைத்தது.

புற்றின் முன் போய் நின்று, “தொடங்குங்கள்!” என்றது.

கறையான் தலைவி கல்லை முகர்ந்தது. கல்லில் ஒன்றும் இல்லை.

“ஆகட்டும், அமைச்சரே” என்றது தலைவி. நரி புதரடியில் படுத்துக் குறட்டை விட்டது.

கறையான்கள் முதலில் நீர்மருதுக்குப் போயின. கேட்ட மணங்களில் எது குறைகிறது என்று பார்த்தன. கேட்டதே ஒன்றும் இல்லாதபோது குறைவதற்கு என்ன இருக்கிறது? உடனே தின்னத் தொடங்கின.

ஆண் இருவாட்சி அத்திப்பழத்தோடு வந்தபோது அடிமரத்திலிருந்து தூள் கொட்டிக்கொண்டிருந்தது.

“கீழே ஏதோ அரிக்கிற சத்தம் கேட்கிறது. மரம் ஆடுகிறது. குஞ்சு பயப்படுகிறது” என்றது உள்ளிருந்த பெட்டை.

ஆண் இருவாட்சி பழத்தை அப்படியே போட்டது. கீழே பாய்ந்து வந்தது.

“இது பச்சை மரம்! உள்ளே என் குடும்பம் இருக்கிறது!”

“கேட்ட மணங்களில் இதில் எதுவும் குறையவில்லை” என்றது கறையான் தலைவி.

“என்ன மணம் கேட்டார்கள்?”

“எதுவும் கேட்கவில்லை.”

“அப்படியானால் அடுத்த மரம்?”

“அதிலும் குறையாது. காடு முழுக்கப் பார்த்தாலும் குறையாது.”

சத்தம் கேட்டு நரி எழுந்து ஓடிவந்தது. “நிறுத்துங்கள்! அமைச்சர் சொல்கிறேன்.”

“சொன்னால் நிறுத்துகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. கல்லில் என்ன வைக்கிறீர்கள்?” என்று கேட்டது தலைவி.

நரி தன் வெறும் பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது.

இருவாட்சி அதற்குமேல் வாதாடவில்லை. விழுந்து கிடந்த தான்றிக்குப் பறந்து, பட்டையைப் பெயர்த்துவந்து கல்லில் போட்டது.

தலைவி முகர்ந்து பார்த்தது. “தான்றி. மக்கல். சேறு.” பிறகு நீர்மருதை முகர்ந்தது. “இதில் தான்றி மணம் குறைகிறது. இறங்குங்கள்.”

கறையான்கள் வரிசையாக இறங்கிப் போய்விட்டன.

மரம் பாதி அரிபட்டு நின்றது. குஞ்சுக்குச் சிறகு முளைத்து, தாயும் வெளியே வந்து, மூன்றும் பறந்துபோகும்வரை தாங்கியது. அடுத்த காற்றுக்குச் சாய்ந்துவிட்டது. இருவாட்சிகள் வேறு பொந்து தேடி மலைக்குப் போயின. பிறகு அந்தக் கரைக்கு வரவே இல்லை.

யானைத் தலைவர் விசாரித்தார்.

“கறையான்கள் முட்டாள்கள், தலைவரே. வெறும் கல் என்று தெரிந்தும் தின்றிருக்கின்றன” என்றது நரி.

“அவை என்றைக்கும் போலத்தான் செய்தன. அவற்றின் வழக்கம் உனக்கும் தெரியும்” என்றார் யானைத் தலைவர்.

அன்றோடு நரியின் பதவி போயிற்று. கல்லின் பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்து, யார் உத்தரவு கொடுக்க வந்தாலும் கல்லில் பட்டை இருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பதே அதன் வேலையாயிற்று.

சொன்னதை மட்டும் செய்கிறவர்களிடம் சொல்லாமல் விட்டதும் ஓர் உத்தரவாகிவிடும் என்பதால், வாயைத் திறக்கும் முன் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.