கழுதையின் இடம்

வெண்கலக்கோட்டை ஜமீன்தாரின் பட்டங்களை வரிசையாகச் சொன்னால் கதைக்கு இடம் இருக்காது, ஆகவே விட்டுவிடுவோம். அவர் சந்தையில் ஒரு வெள்ளைக் குதிரை வாங்கினார். அரண்மனை லாயத்துக்கு வந்தது முதல் அது கொள்ளும் தின்னவில்லை, புல்லும் தின்னவில்லை. வந்த வழியைப் பார்த்துக் கனைத்துக்கொண்டே நின்றது.

லாயக்காரன் மாசாணம் கைகட்டிச் சொன்னான்: "எசமான், இது அந்த வியாபாரியோட கிழக்கழுதைகூட ஒரே கொட்டில்ல வளந்ததுங்க. அதையும் வாங்கிட்டு வந்தா தின்னுடும்."

"அரண்மனை லாயத்துல கழுதையா? தசரா ஊர்வலத்துக்குள்ள குதிரையைப் பழக்கு. இல்லேன்னா ஊரைவிட்டே ஓடிடு!"

பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கே ஓடுவது? மாசாணம் தலையைச் சொறிந்தான்.

"அப்போ கழுதை நின்ன இடத்துல ஆள்தான் நிக்கணும், எசமான். நான் நிப்பேன். ஆனா அது என்னையே எசமான்னு நெனச்சுக்கிட்டா, ஊர்வலத்துல தங்களை ஏத்திக்காதுங்களே!"

ஜமீன்தாருக்கு அது நியாயமாகப் பட்டது. தலைப்பாகையும் சரிகை அங்கியுமாக அவரே லாயத்தில் போய் நின்றார். குதிரை அவரை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாடத்தில் அரண்மனைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பொழுது சாய்வதற்குள் கழுதைக்கு ஆள் போயிற்று.

கழுதை வந்ததும் குதிரை அதன் கழுத்தில் தலையைச் சாய்த்து நின்றது. பிறகு கொள்ளில் வாய் வைத்தது. ஜமீன்தார் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா மாசாணம், என்கிட்ட இல்லாதது அந்தக் கழுதைகிட்ட என்னடா இருக்கு?"

"ஒண்ணும் இல்லீங்க, எசமான். அது ஒருநாளும் குதிரைமேல ஏறினதில்லை, அவ்வளவுதான்."