கொற்றி கொண்டுவந்த பச்சைக்கல்

கேளுங்கள், கேளுங்கள்! நெருப்பைக் கக்கி ஓய்ந்த மலைகளின்மேல் முதன்முதலாகப் புல் முளைத்ததே, அதற்குச் சற்றுப் பிந்திய காலத்துக் கதை இது.

அனல்குன்றம் என்றொரு மலை. அதன் அடிவாரத்தில் கொற்றி என்பவள் கல் உடைத்துப் பிழைத்து வந்தாள். எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய கறுங்கல் அது. பூமியின் அடிவயிற்றில் விளைந்த பச்சைக்கற்களை அந்தக் குழம்பு அள்ளிக்கொண்டு வந்திருந்தது. கறுங்கல்லை உடைத்தால், உள்ளே அவை இளந்தளிர் நிறத்தில் மின்னும்.

அவற்றை வாங்க அரண்மனை வணிகன் சேந்தன் மட்டுமே வருவான். கூடைக் கல்லுக்கு ஒரு படி தினை கொடுப்பான்.

"மலை நெருப்பு உருக்கிய வெறும் கண்ணாடி இது. பாவம் பார்த்து வாங்குகிறேன்" என்பான்.

கொற்றிக்கு மனம் ஒப்பவில்லை. அரசனிடமே கேட்டுவிடுவது என்று கிளம்பினாள்.

முதல் முறை, காவலன் வாசலிலேயே விரட்டினான்.

இரண்டாம் முறை அவைக்குள் போய், விலையுயர்ந்த மணி என்று கல்லை நீட்டினாள். அரசன் சேந்தனைக் கேட்டான். "கண்ணாடி" என்று சிரித்தான் சேந்தன்.

"இன்னொரு முறை இதை மணியென்று கொண்டுவந்தால், உன் ஊரே மலையை விட்டு வெளியேற வேண்டும்" என்றான் அரசன்.

ஊரார் கெஞ்சினார்கள். "விட்டுவிடம்மா, தினையாவது மிஞ்சட்டும்!"

கொற்றி விடவில்லை. பச்சைக்கல்லையும் உடைந்த கண்ணாடி வளையலையும் அருகருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உரசிப் பார்த்தாள், நீரில் இட்டுப் பார்த்தாள், வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு நாள் கல்லை எடுத்து வைக்கும்போது, அவள் தலையிலிருந்து உதிர்ந்த முடி ஒன்று அதன் அடியில் அகப்பட்டது. குனிந்து பார்த்தவள், வளையல் துண்டையும் அதே முடிமேல் வைத்துப் பார்த்தாள். மறுநாளே மூன்றாம் முறையாக அவைக்குப் போனாள்.

வெள்ளைத் துணியில் ஒரு முடியை வைத்தாள். "அரசே, இதன்மேல் எந்தக் கண்ணாடியை வேண்டுமானாலும் வைத்து, எத்தனை முடி தெரிகிறதென்று பாருங்கள்."

அரசன் தன் கண்ணாடிக் கிண்ணத்தை வைத்தான், ஒரு முடி தெரிந்தது. அரசியின் பாசிமணியை வைத்தான், ஒரு முடி. விளக்கின் கண்ணாடியை வைத்தான். அப்போதும் ஒரு முடிதான்.

பச்சைக்கல்லை வைத்தான். இரண்டு முடி! கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். இரண்டேதான்.

"சேந்தா, நீ பார். எத்தனை?"

"இ... இரண்டு, அரசே."

கொற்றி அவன் பக்கம் திரும்பினாள். "வெறும் கண்ணாடியை இத்தனை காலம் கூடை கூடையாக எதற்கு ஐயா வாங்கினீர்?"

சேந்தனை அரசன் அவையிலிருந்து நீக்கினான். அன்றுமுதல் அனல்குன்றத்தார் தங்கள் மணிகளைத் தலைநகரின் கடைவீதியில் தாங்களே விற்றார்கள்.

ஆகவே மக்களே, உழைத்து அறிந்த உண்மையை ஊரே கைவிடச் சொன்னாலும் விடாதீர்கள். அதை மெய்ப்பிக்கும் வழியைத் தேடுங்கள்.