சேற்றுக்கு எந்த டயர்

"ஆல் டெரெய்னா, மட் டயரா? இன்னைக்காவது சொல்லிடுங்கம்மா."

மடத்தம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

கேட்டவர் தணிகாசலம். மடத்து பிக்கப் வண்டிக்கு டிரைவர். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் சீடர். ஞானம் வேண்டும் என்று வந்தார். சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

எந்த மடம், எந்த மலை என்று கேட்காதீர்கள். மழை பெய்கிற மலை. அது போதும்.

வாரம் ஒருநாள் மலைமேல் அத்திக்கொட்டாய்க்கு அவர் மருந்துப் பெட்டி கொண்டுபோக வேண்டும். அங்கே பிள்ளைகளுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. போன வாரம் வண்டி சேற்றில் மாட்டிப் பொழுது சாய்ந்துதான் போய்ச் சேர்ந்தார். ஒரு குழந்தைக்குக் கண் செருகிவிட்டது. பிழைத்தது. அடுத்த தடவையும் பிழைக்கும் என்று யார் சொல்வது?

அதனால்தான் இந்த டயர் பேச்சு.

"ஆல் டெரெய்ன் தார் ரோட்டுக்கு நல்லது. மழையில, வளைவுல பிடிச்சு நிக்கும். ஆனா அந்தச் சேத்துல பல்லெல்லாம் மண்ணு அப்பி மொழுக்குன்னு ஆயிடும். மட் டயர்னா பல்லு பெருசு. தோண்டிக்கிட்டு ஏறிடும். ஆனா ஈரத் தாருல வழுக்கும். டீசல் குடிக்கும். சத்தம் வேற."

"இதைத்தான் போன வாரமும் சொன்னீங்க."

"நீங்க பதில் சொல்லலையே."

"சேறு எவ்வளவு தூரம்?"

"முப்பதடி இருக்கும்."

"மீதி?"

"மீதி பூரா தாரும் கல்லும்தான்."

"முப்பதடிக்கா தூக்கம் போச்சு?"

"அந்த முப்பதடியிலதானேம்மா வண்டி நிக்குது."

சரியான பதில். அம்மாவுக்கும் அது தெரியும். கீரையைத் தள்ளி வைத்தார்.

"மட் டயரைப் போட்டுட்டு வாங்க. நாளைக்கு நானும் வர்றேன்."

டயர்க் கடைக்காரர் பின் சக்கரத்துக்கு ஒரு ஜோடி பழைய மட் டயரை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். மறுநாள் காலையில் கிளம்பினார்கள். தார் ரோட்டில் டயர் வண்டு மாதிரி இரைந்தது. ஒரு வளைவில் பின்பக்கம் இழுத்தது. தணிகாசலம் முருகா என்றார். அம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கடைசியில் அந்த இடம். பாதையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு கிடக்கிற பள்ளம். முழங்கால் அளவு செஞ்சேறு.

"இப்பப் பாருங்கம்மா."

வண்டி இறங்கியது. டயர் தோண்டியது. சேறு கூரைவரை அடித்தது. எஞ்சின் உறுமி முடிப்பதற்குள் வண்டி அக்கரையில் நின்றது. போன வாரம் அரைநாள் நின்ற இடம், வெற்றிலை மடிக்கிற நேரத்தில் முடிந்துபோனது.

தணிகாசலம் சிரித்தார். பட்டாளத்தில்கூட அப்படிச் சிரித்ததில்லை.

"மட் டயர்தாம்மா. வேற பேச்சே இல்ல."

"இல்லையா?"

"இல்லம்மா."

"சரி."

ஒரு சரிவு இறங்கினால் ஊர். பிள்ளைகள் ஓடிவந்தார்கள். சின்னப்பாப்பா இடுப்பில் குழந்தையோடு வந்தாள். போன வாரம் கண் செருகிய குழந்தை அதுதான்.

"என்னா சார், இன்னைக்கு வெள்ளனவே வந்துட்டீங்க? வண்டிக்கு றெக்கை மொளைச்சுதா?"

"டயர் மாத்தியாச்சு இல்ல."

வழக்கம்போல ஒரு சொம்பு தண்ணீர் நீட்டினாள். தணிகாசலம் அண்ணாந்து குடித்தார். பளிங்கு மாதிரித் தண்ணீர். தொண்டை குளிர்ந்தது.

"மலைத் தண்ணின்னா மலைத் தண்ணிதான்," என்றார். வாராவாரம் அவர் சொல்வது.

"எனக்கும் கொஞ்சம் குடு, பாப்பா," என்றார் அம்மா.

சின்னப்பாப்பா தயங்கினாள். பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வேறு வழியில்லை. மேலேயிருந்து இழுத்து வந்த கறுப்புக் குழாய் ஒரு தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. அதில் பிடித்துக் கொண்டுவந்தாள்.

சொம்பு நிறையச் செம்மண் குழம்பு.

தணிகாசலத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா, யாருக்குக் குடுக்கறேன்னு தெரியுதா? மடத்தம்மா."

"தெரியுது சார். உங்களுக்குன்னு நேத்தே ஒரு சொம்பு பிடிச்சு மூடி வச்சுருவேன். அம்மா வருவாங்கன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா ரெண்டா வச்சிருப்பேன்."

"நேத்தே எதுக்குப் பிடிக்கணும்?"

"இன்னைக்கு வண்டி நாளாச்சே."

"வண்டி நாளுன்னா?"

மழையில் நின்றுகொண்டு ஏன் நனைகிறது என்று கேட்பவனைப் பார்ப்பதுபோல அவள் பார்த்தாள்.

"மேல அந்தப் பள்ளத்துல ஓடையை வண்டி மிதிச்சுட்டு வந்தா, கீழ தண்ணி இப்படித்தானே சார் வரும். மாட்டுச் சாணி, மண்ணு, எல்லாம் கலங்கிடுது. தெளிய ரெண்டு மூணு நாளாவும். நாங்க பொறுத்துக்குவோம். புள்ளைங்க கேக்குதுங்களா? தாகம்னா தொட்டியில வாய வச்சுடுதுங்க."

தணிகாசலம் தொட்டியைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். வண்டியில் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"வண்டி வர்றதுக்கு முன்னால?"

"ஓடையில அப்படியே அள்ளிக் குடிப்போம். நீங்க மொதல்ல அரிசி கொண்டாந்தீங்க. அப்புறம் புள்ளைங்களுக்கு வயித்தால போக ஆரம்பிச்சுது. நல்லவேளை சார், அதுக்கும் நீங்களே மருந்து கொண்டாந்தீங்க."

குத்திப் பேசவில்லை. மனசாரச் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

"ஏம்மா ஒருத்தரும் என்கிட்ட சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? அந்தச் சேத்துல நீங்க படற பாட்டைக் கீழேருந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கோம். இதையும் சொன்னா மனசு நோவும்ல."

குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்தது. வாயோரம் செம்மண் காய்ந்திருந்தது.

அம்மா சொம்பைத் தூக்கினார்.

"வேணாம்மா," என்று தணிகாசலம் கை நீட்டினார்.

அதற்குள் குடித்தாகிவிட்டது. அடிவரைக்கும். அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"பெட்டியை இறக்குங்க."

இறக்கினார். சீசாக்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன.

"கிளம்பலாம். வண்டியை எடுங்க."

ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போட்டார். திருப்பவில்லை. குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சிவப்பு கொஞ்சம் இளகியிருந்தது. பெண்கள் குடத்தோடு சுற்றி நின்று அது தெளிவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன?" என்றார் அம்மா.

"அந்தப் பக்கம் போகணுமேம்மா."

"போகணும்."

தணிகாசலம் சாவியிலிருந்து கையை எடுத்தார்.

"நடுவுல ஓடை இருக்கே."

"எப்ப இருந்து?" என்று கேட்டார் அம்மா.