குற்றாலிங்கம் பதித்த கைப்பிடி

"தள்ளுபடியில விக்கிற சாமானை வாங்கலாமா, கூடாதா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா."

கேட்டவர் குற்றாலிங்கம். அறுபதைத் தாண்டியவர், கனத்த சரீரம். தோளில் ஒரு பை. வெயிலில் நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

தவமணி அம்மா வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். ஆற்றங்கரைத் தோப்பில் குடில் போட்டு வாழ்கிற துறவி. குற்றாலிங்கத்தைவிட இருபது வயதாவது இளையவர். ஆனாலும் அவருக்கு இவர் அம்மாதான்.

"உட்காருங்க ஐயா. முதல்ல தண்ணி குடிங்க. என்ன ஆச்சு?"

தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் சொன்னார்.

அவர் மனைவி பிரம்மசக்திக்குப் போன மாசியில் பக்கவாதம் வந்து இடது கால் சுவாதீனம் இழந்தது. இப்போதுதான் சுவரைப் பிடித்து நாலு எட்டு வைக்கத் தொடங்கியிருந்தாள். குளிப்பாட்டி, தலை துவட்டி, புடவை சுற்றிவிடுவது எல்லாம் அவர்தான். ஒருநாள் முதுகில் தண்ணீர் ஊற்றும்போது அவள் சொன்னாள்: "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாங்க. கதவைச் சாத்திக்கிட்டு நானா குளிக்கணும்."

அன்று சாயங்காலமே கடைத்தெருவுக்குப் போனார். சுத்தியல், திருப்புளி, குறடு, அளவு டேப், டிரில் மெஷின் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுத் தள்ளுபடியில் விற்றுக்கொண்டிருந்தார்கள். அவள் பிடித்து நிற்கக் குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பதிக்க வேண்டும். ஆளைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லியிருக்கலாம். தன் கையால் செய்து கொடுக்க ஆசை.

சுவரில் கொஞ்சம் இறங்கியதுமே டிரில் முனகியது. சூடேறியது. நின்றேவிட்டது.

கிடைத்த ஓட்டையில் ஸ்க்ரூவை அடித்து இறக்கி, கைப்பிடிக் கம்பியை மாட்டினார்.

மறுநாள் காலையில் பிரம்மசக்தி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கம்பி தரையில் உருளும் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் அவள் குரல்.

"எலும்பு முறியலைம்மா. மணிக்கட்டு வீங்கினதோட சரி. ஆனா அதுக்கப்புறம் அவ கட்டிலை விட்டு இறங்கலை. ஈரத் துணியால துடைச்சு விட்டாப் போதும்ங்கறா." அவர் தோளில் கிடந்த பையைத் தட்டினார். "இந்தப் பையை ஆத்துல வீசிட்டுத்தான் வீட்டுக்குப் போகப் போறேன்."

அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பையை வாங்கி, ஒவ்வொன்றாகப் பாயில் பரப்பினார்.

"இந்த டேப்பு தப்பா அளந்துச்சா?"

"இல்லை."

"திருப்புளி?"

"நல்லாத்தான் முறுக்குது."

"குறடு?"

"அதுலயும் குறை இல்லை."

சுத்தியலை எடுத்தார். அதன் தலை கழன்று ஆடியது. அதைத் தூரத் தள்ளி வைத்தார்.

கடைசியாக டிரில்.

"மரக்கதவுல ஒரு கொக்கி போடணும்னா?"

"அதுக்கு இது தாராளமாப் போதும்."

"அந்த அம்மா பாரத்தைத் தாங்குற கம்பி மாட்டணும்னா?"

"அதுக்குப் போதாதும்மா."

சுத்தியலை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அம்மா பைக்குள் வைத்தார். பையை அவர் தோளில் மாட்டிவிட்டார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போய்விட்டார்.

ஒரு வாரம் கழிந்தது. குற்றாலிங்கம் மறுபடி வந்தார். முகத்தில் தெளிவு இல்லை.

"கட்டட வேலைக்காரங்க வச்சிருக்கிற பெரிய மெஷினை வாடகைக்கு எடுத்தேம்மா. வெண்ணெயில இறங்கற மாதிரி இறங்குச்சு. நீளமான ஸ்க்ரூ, ஓட்டையில செருக நல்ல பிளக். சிமென்ட் பூசி, ரெண்டு நாள் காயவும் விட்டேன்."

"சரி."

"அவகிட்ட எல்லாத்தையும் விளக்கிச் சொன்னேன். மெஷின் பேரைச் சொன்னேன். வாடகைக்குக் கொடுத்தவர் தாங்கும்னு சொன்னதையும் சொன்னேன். ஒரே ஒரு தடவை தொட்டுப் பாருன்னு கெஞ்சினேன். நல்லா இருக்குங்கன்னு சொல்லிட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா."

அம்மா கூடையை எடுத்தார். "அக்கரையில கீரை பறிக்கணும். கூட வாங்க."

தோப்புக்கு நடுவே வாய்க்கால் ஓடியது. மழையில் பழைய பாலம் அடித்துக்கொண்டு போய், அதன் இடத்தில் இரண்டு பலகைகளைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். கீழே தண்ணீர் செம்மண் நிறத்தில் வேகமாகப் போனது.

குற்றாலிங்கம் கரையிலேயே நின்றார்.

"என் உடம்பைத் தாங்குமாம்மா?"

அம்மா முன்னால் நடந்தார். பலகையின் நடுவுக்குப் போனார். கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். காவிச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகினார்.

குதித்தார்.

பலகை முனகியது. இன்னும் உயரமாகக் குதித்தார். கூடை மூக்குவரை இறங்கி வந்தது. அதைத் தள்ளிவிட்டுக்கொண்டு, அங்கேயே நின்றபடி கையை நீட்டினார்.

"வாங்க ஐயா."

அவர் காலை எடுத்து வைத்தார். ஓர் எட்டு, இன்னோர் எட்டு. நடுவுக்கு வந்ததும் நின்றுவிட்டார். அம்மா முகத்தையே பார்த்தார்.

"நான் வீட்டுக்குப் போறேம்மா."

"போங்க. கீரையை நான் பறிச்சுக்கறேன்."

பிரம்மசக்தி அப்படியே படுத்திருந்தாள். குற்றாலிங்கம் அவளை அணைத்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். நாற்காலியைக் குளியலறைக்குள் இழுத்துப்போய்க் கம்பிக்குப் பக்கத்தில் போட்டார்.

"நான் தொட மாட்டேன்," என்றாள் அவள்.

"நீ தொட வேண்டாம், பிரம்மு. பார்த்தாப் போதும்."

வேட்டியை மடித்துக் கட்டினார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தார். முழங்காலை மடக்கி, பாதங்களைத் தரையிலிருந்து தூக்கினார்.

தொங்கினார்.

முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கம்பி அசையவில்லை. காலை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தொங்கினார். சுவரில் ஒரு காலை உதைத்துக்கொண்டு, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து இழுத்தார். இடப்பக்கம் இழுத்தார். வலப்பக்கம் இழுத்தார்.

"போதுங்க. இடுப்புப் பிடிச்சுக்கப் போகுது."

"பிடிக்கட்டும்."

"ஐயோ, வேட்டி அவுருது."

"அவுரட்டும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் ஒரு பக்கம் கோணியபடி, கண்ணில் நீர் வழிய, சத்தம் போட்டுச் சிரித்தாள். அவர் விடவில்லை. இன்னொரு தடவை கால்களைத் தூக்கினார்.

சிரிப்பு மெல்ல ஓய்ந்தது. அவள் வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேர்வையில் நனைந்த முதுகை. கம்பியை விடாத கைகளை.

நாற்காலி கிறீச்சிட்டது.

கம்பியில் அவர் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை வந்து இறுகியது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள்.