சேறு படாத ராஜ பாதம்

அது ஒரு காலம். ஏரி வெட்டுகிற கூலிச்சனம் கூடி, தங்களில் ஒருவரையே ராஜாவாக உட்காரவைத்த காலம். அந்த ராஜா வருஷா வருஷம் தூர் வாரும் முதல் நாளில் ஏரிக்குள் இறங்கி, முதல் கூடைச் சேற்றைத் தன் தலையில் சுமந்துபோய்க் கரையில் கொட்டுவார். அதன் பிறகுதான் மற்றவர்கள் மண்வெட்டியைத் தொடுவார்கள். அவர் பக்கம் நின்றவர்களைக் கூடைக் கட்சி என்றே நாடு சொன்னது.

பிறகு அவருடைய பேரன் கீர்த்திவளவன் பட்டத்துக்கு வந்தார். மந்திரி மாதேவர் அவர் காதில் ஓதினார்: "மன்னவா, செல்வந்தர்கள் நம் பக்கம் வரவேண்டுமானால் இந்தச் சேற்று வாடை போகவேண்டும்."

ராஜாவும் அந்த வருஷம் தான் போகாமல், ஒரு வெள்ளிக் கூடையைச் சேவகனிடம் கொடுத்தனுப்பினார். கூலிச்சனம் கூடையைப் பார்த்தது, மண்வெட்டியைத் தொடாமல் கலைந்துபோனது. செல்வந்தர்கள் வந்தார்கள், விருந்து சாப்பிட்டார்கள், போனார்கள். மழைக்கு இருபது நாள் இருக்க, ஏரி தூர்ந்தே கிடந்தது.

சபையில் ராஜா விகடகவி சடையாண்டியை அழைத்தார். "மூன்று நாளில் அவர்களை ஏரிக்குள் இறக்க வேண்டும். பொன் தரக் கூடாது. சாட்டை எடுக்கக் கூடாது."

"மன்னரின் பாதம் சேற்றில் படவும் கூடாது" என்று சேர்த்துக்கொண்டார் மாதேவர். சடையாண்டியைக் கண்டால் அவருக்கு ஆகாது. "தவறினால் இவன் நாட்டைவிட்டே போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

ஐம்பது வயதுக்குமேல் எந்த ஊரில் போய் யாரைச் சிரிக்கவைப்பது? சடையாண்டி நேராகக் கூலிச்சனத்தின் தலைமைக்காரி வேம்பியிடம் போனான்.

"ஏன் ஆத்தா, இறங்க மாட்டேங்கிறீங்க?"

"பெரிய ராசா காலத்துல அது நம்ம ஏரி. இப்ப அரமனை ஏரி ஆயிருச்சுல்ல? அரமனைக்காரவுகளே வாரிக்கட்டும்."

"சின்ன ராசா வந்து கூடை தூக்குனா?"

"தூக்கட்டும், பாப்போம். போய்யா, வேலையப் பாரு."

மூன்றாம் நாள் ஏரிக்கரையில் ஊரே வேடிக்கை பார்க்கக் கூடியது. சடையாண்டி ராஜாவை வணங்கினான். "மன்னவா, முதல் கூடையைத் தாங்கள் சுமக்க வேண்டும். பாதம் படக் கூடாது என்றவர் மந்திரியார். ஆகவே தங்களைச் சுமக்க வேண்டியவரும் அவரே."

மாதேவர் விழித்தார். ராஜாவின் எதிரில் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? குனிந்தார். ராஜாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினார். சடையாண்டி மந்திரியின் பட்டுத் தலைப்பாகையை அவிழ்த்துச் சும்மாடாகச் சுருட்டி, ராஜாவின் தலையில் வைத்து, அதன்மேல் சேற்றுக் கூடையை ஏற்றினான்.

கரையை நோக்கி ஐந்து அடி நடந்தார் மாதேவர். ஆறாவது அடியில் முழங்கால் புதைந்தது. கூடை ஒருபக்கம் போனது; ராஜா தலைகுப்புறச் சேற்றில் செருகிக்கொண்டார். கால் இரண்டும் ஆகாயத்தைப் பார்த்தன.

"அய்யய்யோ, சாமி!" என்று வேம்பி குதித்தாள். அவள் பின்னே நூறு பேர் குதித்தார்கள். ராஜாவை அப்படியே அலாக்காகத் தூக்கிக் கரையில் உட்காரவைத்தார்கள்.

"கழுத்த நேரா வச்சுக்கிடணும் சாமி" என்று முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்தாள் வேம்பி. "ஒங்க தாத்தாவும் மொத வருசம் விழுந்தவருதான்."

சேற்றுக்குள்ளிருந்து மாதேவர் கத்தினார்: "பட்டுவிட்டது! சடையாண்டி தோற்றான்!"

"முகம் பட்டது, மீசை பட்டது, முத்துமாலை பட்டது" என்றான் சடையாண்டி. "பாதத்தைப் பாருங்கள் ஐயா. சனமும் ஏரிக்குள் இறங்கிவிட்டது."

ராஜா தன் பாதங்களைப் பார்த்தார். துடைத்துவைத்த மாதிரி இருந்தன. முதலில் ஒரு செருமல் வந்தது, பிறகு வயிறு குலுங்கச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே எழுந்து, யாரும் சொல்லாமல் தாமே சேற்றில் இறங்கி, கவிழ்ந்த கூடையை நிரப்பித் தலையில் வைத்தார். கழுத்தை நேராக வைத்துக்கொண்டு நடந்தார். அவர் கரையில் கொட்டிய மறுநொடி ஏரி முழுக்க மண்வெட்டிச் சத்தம்.

ராஜா கழுத்து முத்துமாலையைக் கழற்றினார். "இது உனக்கு, சடையாண்டி. பொறு, அலம்பித் தருகிறேன்."

"வேண்டாம் மன்னவா. சேற்றோடு கொடுங்கள். அப்போதுதான் கூடை சுமந்த ராஜா கொடுத்தது என்று சனம் நம்பும்."