பல்லி இரவல் கொடுத்த இமைகள்

முதலில் ஒரு கொட்டாவிச் சத்தம்தான் கேட்டது. நீளமாக, சுகமாக, ஓலைக்கூரைக்குள் எங்கிருந்தோ வந்தது. பிறகுதான் உத்தரத்தின் இடுக்கிலிருந்து ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது.

பல்லிக்கும் கண்ணில் இமை இருந்த அந்தக் காலத்தில், ஊர்வனவெல்லாம் மனிதரோடு வாய்விட்டுப் பேசின. ஆற்றோரம் குடிசை போட்டிருந்த பூவாயி அந்தக் கொட்டாவியைக் கேட்டுப் பொறாமைப்பட்டாள். அவள் மடியில் கிடந்த பெண் பிள்ளை பிறந்து ஏழு நாள். பிள்ளைக்கு எல்லாம் இருந்தது, இமை மட்டும் இல்லை. மூட முடியாத இரண்டு கண்ணும் சிவந்துபோய்க் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தன. இன்றும் தூங்காவிட்டால் பிள்ளை தங்காது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

காலையிலிருந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அலைந்துவிட்டுத்தான் அவள் வந்து உட்கார்ந்திருந்தாள். வேலியில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஓணானிடம் இமையை இரவல் கேட்டாள். அது தருகிறேன் தருகிறேன் என்று தலையை ஆட்டியது. ஆட்டிக்கொண்டே இருந்ததே தவிர, தரவில்லை. அரணை மனசு இளகி, இதோ கழற்றிக்கொண்டு வருகிறேன் என்று புதருக்குள் போனது. போன இடத்தில், எதற்கு வந்தோம் என்பதை மறந்துவிட்டது. புற்றிலிருந்த பாம்பு தன் கண்ணைக் கிட்டத்தில் கொண்டுவந்து காட்டியது. தனக்கே இமை கிடையாது, கண்ணின் மேல் இருப்பது கண்ணாடி போல ஒரு செதில்தான், சட்டை உரிக்கும்போது அதுவும் சேர்ந்தே கழன்றுவிடும் என்றது. பாம்பு பொய் சொல்லவில்லை.

"உமக்கென்ன பல்லியாரே, கொடுத்துவைத்தவர்" என்றாள் பூவாயி.

"ராத்திரி முழுக்கப் பூச்சிக்குப் பின்னால் ஓடிப் பார் தாயி, கொட்டாவி தானாக வரும்" என்றது பல்லி.

பிறகு பிள்ளையைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. தூக்கத்தின் அருமை, ஊர் தூங்கும்போது உழைக்கிறவனுக்குத்தானே தெரியும். சுவரில் மெல்ல இறங்கி வந்தது.

"ஒரே ஒரு தூக்கத்துக்கு என் இமையைத் தருகிறேன். பிள்ளை தானாக விழித்ததும் திருப்பிக் கொடுத்துவிடு. தூங்குகிற கண்ணிலிருந்து பிடுங்கினால் கிழிந்துபோகும்."

பேச்சுக் குரல் கேட்டால் பிள்ளை எழுந்துவிடும் அல்லவா? அதனால் இரண்டு பேரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். விழித்தாயிற்றா என்று கேட்க, பல்லி நாக்கால் ச்ச், ச்ச் என்று சத்தம் கொடுக்கும். இன்னும் இல்லை என்றால் பூவாயி விரலை மடக்கித் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவாள்.

பல்லி இமைகளைக் கழற்றியது. எள்ளுப்பூ இதழைப் போல அவ்வளவு மெல்லிசு. பிள்ளையின் கண்களில் வைத்ததும் அவை மெதுவாக விரிந்து, கீழே இறங்கி, மூடிக்கொண்டன. ஆற்றின் சத்தம்கூடக் கொஞ்சம் தள்ளிப்போன மாதிரி இருந்தது. பூவாயியின் மடி கனத்தது. தூங்குகிற பிள்ளைக்குக் கனம் அதிகம் என்பதை அவள் அன்றுதான் அறிந்தாள்.

வெளிச்சம் கூசியதால் பல்லி இடுக்குக்குள் போய் ஒடுங்கிக்கொண்டது. அவ்வப்போது ச்ச், ச்ச். கீழே இரண்டு தட்டு. பல்லிக்குக் கண் உலர்ந்து எரிந்தது. நாக்கை நீட்டி நக்கி ஈரப்படுத்திக்கொண்டது. பிள்ளை மூன்று நாள் தூங்கியது. கூரை ஓட்டை வழியே விழுந்த வெயில் பொட்டு அதன் மேல் ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது.

நான்காம் நாள் காலையில் பிள்ளை விழித்தது. கண்ணை மூடியது, திறந்தது, மறுபடி மூடித் திறந்து அம்மாவைப் பார்த்தது. பூவாயியின் கை அந்த இமைக்குப் போனது. விரல் நுனியில் அது பட்டாம்பூச்சி போலத் துடித்தது.

மேலே ச்ச், ச்ச் என்று கேட்டது.

பூவாயி கையை இழுத்துக்கொண்டாள். விரலை மடக்கினாள். தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

அந்த நேரம் பார்த்துப் பிள்ளை, "ங்கா" என்றது.

பல்லிக்குக் கேட்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நாலு வார்த்தை திட்டிவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது. பல்லி திட்டவில்லை. இடுக்கிலிருந்து வெளியே வந்து, மூட முடியாத கண்ணால் பிள்ளையைப் பார்த்தது. ஒரு கண்ணை நக்கியது, பிறகு மறு கண்ணை. அப்புறம், எதுவுமே தெரியாதது போல, விழித்தாயிற்றா என்று பழையபடியே கேட்டது: ச்ச், ச்ச்.

பூவாயி மறுபடி தட்டினாள். இந்த முறை அவளுக்குத் தரை தெரியவில்லை; கண் நிறைந்திருந்தது.

அன்று முதல்தான் பல்லி இமையில்லாத கண்ணை நாக்கால் துடைத்துக்கொண்டு, மனிதரோடு ஒரு சொல்லும் பேசாமல் நம் சுவர்களில் இருக்கிறது. அது ச்ச், ச்ச் என்று கேட்கும்போதெல்லாம் நம் வீட்டுப் பெண்கள் ஏனென்று தெரியாமலே விரலை மடக்கித் தரையில் தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அரிசியில் கல் பொறுக்கத் தொடங்குகிறார்கள்.