முன்வரிசையின் நிழல்

கயத்தாறுக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு சின்ன மடம். அதன் குரு செண்பகவல்லி அம்மைக்கு வயது நாற்பதைத் தாண்டவில்லை. சீடர்களில் மூத்தவரான நெல்லைநாயகத்துக்கு அறுபத்தாறு. மின்துறையில் பெரிய பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவை அவர் அம்மா என்பார். குரு அவரை அண்ணாச்சி என்பார். ஞானம் வந்துவிட்டால் ஊர் வழக்கம் போய்விடுமா என்ன?

மடத்துக் கிணற்று மோட்டாருக்கு மின்சாரம் தருவது பின்புறக் காட்டில் நிற்கும் ஆறு வரிசை சோலார் பேனல்கள். காலையில் கிழக்கே பார்த்துச் சாய்ந்திருக்கும். சூரியன் நகர நகர, அவையும் தாமாகத் திரும்பும். அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நெல்லைநாயகம் அந்தத் திங்கட்கிழமைதான் ஏற்றிருந்தார். யாரும் கொடுக்கவில்லை, அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். எதையும் முன்னால் போய் வாங்கிக்கொள்வது அவருக்குப் பிறவிக் குணம்.

வியாழக்கிழமை தபாலில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. தம்பி குற்றாலிங்கத்தின் மகளுக்குக் கல்யாணம். ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி. நெல்லைநாயகம் பத்திரிகையை மூன்று தடவை படித்தார். அழைப்பவர்கள் வரிசையில் தாய்மாமன் பெயர் இருந்தது. ஒன்றுவிட்ட சித்தப்பா பெயர்கூட இருந்தது. பெரியப்பா பெயர் இல்லை. உயிரோடிருக்கும் மூத்தவரை விட்டுப் பத்திரிகை அடிப்பது அந்தக் குடும்பத்தில் அதுதான் முதல் தடவை.

பத்திரிகையைக் கொண்டுபோய் அம்மை முன் வைத்தார். அப்பா இல்லாத வீட்டில் தம்பியைப் படிக்கவைத்ததைச் சொன்னார். தம் துறையிலேயே வேலைக்குச் சேர வழிகாட்டியதைச் சொன்னார். தம்பிக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளையைக் கேட்ட கேள்விக்கெல்லாம் தாமே பதில் சொல்லிக் கரையேற்றியதைச் சொன்னார். வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஊருக்குக் கரண்ட் கொண்டுவந்த தம்பிக்குப் பாராட்டு விழா நடந்ததையும் சொன்னார். அந்த மேடையில், பாவம், கூச்சப்படுவானே என்று மைக்கைத் தாம் வாங்கி முக்கால் மணி நேரம் பேசினார். மறுநாளிலிருந்துதான் தம்பி பேசுவதை நிறுத்தினான்.

"நான் அவனுக்கு என்ன தப்பு பண்ணேன்? அதை மட்டும் சொல்லுங்கம்மா. கல்யாணத்துக்குப் போறதா வேண்டாமான்னு பெறவு பாத்துக்கிடுதேன்."

அம்மை பத்திரிகையை எடுத்துப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

"சாயங்காலம் தொட்டிக்குத் தண்ணி ஏத்தணும், அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான்.

மனசு கொதிக்கிறவன் கண்ணில் படுவதெல்லாம் குற்றம். நெல்லைநாயகம் காட்டுக்குப் போனபோது மணி ஐந்து. சூரியன் மேற்கே இறங்கியிருந்தது. பேனல்களோ அதை நேராகப் பார்க்காமல் பின்வாங்கி, வானம் பார்த்து மெல்லப் படுத்துக்கொண்டிருந்தன. இத்தனை வெயிலை விட்டுவிட்டுப் படுக்கிறதே, இதைச் செய்தவன் என்ன படித்தான் என்று அவருக்கு ஆத்திரம். முப்பத்தைந்து வருஷம் டிரான்ஸ்பார்மரோடு குப்பை கொட்டியவருக்கு யாரிடம் கேட்க வேண்டும்? பேனல்கள் தாமாகத் திரும்புவதை நிறுத்தி, கை சுவிட்சுக்கு மாற்றி, ஆறு வரிசையையும் சூரியனுக்கு நேரே நிமிர்த்தினார்.

மோட்டாரைப் போட்டதும் அது முனகியது. பிறகு நின்றே போனது. மீட்டரில் எண் கீழே கிடந்தது. ஒயரை இழுத்துப் பார்த்தார், இணைப்பை முறுக்கிப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது.

அம்மை வந்து அவரை இரண்டாவது வரிசைக்குக் கூட்டிப்போனார். பேனலின் அடிப்பாகத்தில், நீளத்துக்கும் ஒரு முழ நிழல் விழுந்திருந்தது.

"மேலே பூரா வெயில்தான் அடிக்கு. பெறவு ஏன் கரண்ட் வரலே?" என்று அம்மை கேட்டார்.

"பேனல்ல இருக்க கட்டமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்ததும்மா. அடிக்கட்டத்துல வெளிச்சம் படலேன்னா, மேலே உண்டாகுறதும் ஓட முடியாது. மிதிச்ச ரப்பர் குழாய் மாதிரி."

"இந்த நிழல் எங்கேருந்து வருது?"

"மேற்கே நிக்க முன்வரிசையிலேருந்து."

"அது ஏதும் பழுதா?"

"பழுதெல்லாம் இல்லம்மா. நல்ல வரிசை. சூரியனை நேராப் பாத்து நிக்கு..."

நெல்லைநாயகம் முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பாராட்டு விழா நாளில் தம்பியின் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தார். மாலை நினைவிருந்தது. கைதட்டல் நினைவிருந்தது. முகம் மட்டும் வரவில்லை. அன்றைக்கு அவர் மேடையின் முன்னால் நின்றார், தம்பி பின்னால் நாற்காலியில் இருந்தான்.

அவர் போய் சுவிட்சைப் பழையபடி மாற்றினார். வரிசைகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கிச் சாய்ந்தன. நிழல் சுருங்கி, இரண்டாவது வரிசையை விட்டு இறங்கி, மண்ணில் விழுந்தது. மோட்டார் ஓட ஆரம்பித்தது. நெல்லைநாயகம் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒன்பது வருஷத்தை எதைக் கொண்டு துடைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"கல்யாணத்துக்குப் போகட்டுமாம்மா?"

"போங்க."

"பேர் போடாத கல்யாணத்துல நான் எங்க போய் நிக்க?"

"நிக்க வேண்டாம். கடைசி வரிசையில உக்காருங்க."

"அங்க இருந்தா, நான் வந்ததே அவனுக்குத் தெரியாதேம்மா."

"தெரியாட்டாப் போவுது, அண்ணாச்சி. நீங்க அவர் முகத்தைப் பாத்துட்டு வாங்க."